அன்ரியின் முகத்தை வெளுக்க வேண்டாம்

வன்னியில் ஒரு குளத்தடிக் கிராமத்திலிருந்து சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறோம். வயது 31. யாழ்ப்பாணத்தில் சித்திரம் படித்துவிட்டு ஊர் திரும்பியவர். பின்னேரங்களில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறார், மிச்ச நேரத்தில் கீறுகிறார். 2 வருடத்தில் 12 அக்ரிலிக் ஓவியங்கள் முடிந்திருக்கின்றன. வயலில் களை பிடுங்குபவர்கள், கடற்கரையில் கருவாடு காயப்போடுபவர்கள், றோட்டு வேலையில் கல் சுமப்பவர்கள் என்று எல்லாமே ஊர்ப் பெண்கள், எல்லோரும் நல்ல கறுப்பு. அனேகமானவை போனில் எடுத்த படத்தைப் பார்த்துக் கீறியவை. கேட்டு எடுத்த படமும் உண்டு, கேளாமல் எடுத்ததும் உண்டு. தோலுக்குக் கறுப்பு ரியூப், பிரவுன், வெள்ளை மூன்றையும் கலப்பதாகச் சொல்கிறார்.

இன்னும் 10 வாரத்தில் கொழும்பில் ஒரு கூட்டுக் கண்காட்சி. 'நிறமுள்ள பெண்களை ஏன் வரைகிறேன்' என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். 'போரால் பாதிக்கப்பட்ட பெண்கள்' என்ற சொல்லும் வந்தால் நல்லதாம். இதற்கிடையில், ஓவியம் ஒன்றில் இருக்கும் அயல்வீட்டு அன்ரி அதைப் பார்த்துவிட்டு, "ஏன் பிள்ளை, என்னைக் கரிச்சட்டி மாதிரிக் கீறி வைச்சிருக்கிறாய்?" என்று கேட்டு எழும்பிப் போய்விட்டார். கொஞ்சம் வெளுப்பாக்கிவிடு, இல்லாவிட்டால் கோயிலுக்கு அம்மன் படம் கீறு, காசாவது வரும் என்பது அம்மாவின் ஆலோசனை. கடிதத்தின் கடைசி வரிகள் இவை: "பள்ளிக்கூடத்தில என்னைக் கறுப்பி எண்டுதான் கூப்பிட்டவை. நான் இவையைக் கீறுறனா, என்னையே கீறுறனா எண்டு தெரியேல்லை. அப்பிடியெண்டால் என்ர நோக்கம் சுயநலம்தானே?"

அன்பின் சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். இல்லை, அது சுயநலம் இல்லை. சின்ன வயதில் முகத்தில் அறைந்த ஒரு சொல்லுக்குப் பதில் தேடி ஒருத்தி தூரிகை எடுத்தால், அது ஓவியத்துக்குள் வர நல்லதொரு வாசல். அந்த வாசலை மறைத்துவிட்டுப் பெரிய சமூகக் காரணம் ஒன்றைத் தேடி அலைய வேண்டாம். ஆனால் உங்கள் கடிதம் முழுக்க ஒரு நினைப்பு ஓடுகிறது: நோக்கம் சுத்தமாக இருந்தால் படமும் சரியாக வரும், நோக்கத்தில் பிழை இருந்தால் படமும் பிழை. அதை மட்டும் விடுங்கள். அன்ரி உங்கள் நோக்கத்தைப் பார்க்கவில்லை. கன்வசில் காய்ந்து கிடந்த நிறத்தைப் பார்த்தார். அவர் சொன்னதில் இரண்டு பேச்சு இருக்கிறது. ஒன்று, கறுப்பு வடிவில்லை என்று அவருக்கு ஊர் சொல்லிக்கொடுத்தது. மற்றது, ஓவியத்தைப் பற்றி ஒரு சரியான குறை. நீங்கள் முதலாவதை மட்டும் கேட்டுக் கவலைப்படுகிறீர்கள். இரண்டாவதையும் கேட்க வேண்டும்.

'கறுப்பென்றாலும் களை'

கலியாணப் பேச்சில் இதைக் கேட்டிருப்பீர்கள்: "பெட்டை கறுப்பெண்டாலும் களையான முகம்." உங்கள் ஓவியங்களின் வேலை அந்த 'எண்டாலும்' என்ற இடத்தில்தான் இருக்கிறது. அழகுக்கும் கறுப்புக்கும் நடுவில் ஒரு மன்னிப்பை வைத்துவிட்டு, அதைப் பாராட்டு என்று சொல்லிப் பழகியிருக்கிறோம்.

தமிழ் எப்போதும் அப்படி இருந்ததில்லை. குறுந்தொகையின் 27ஆம் பாட்டில் வெள்ளிவீதியார் தன் 'மாமைக் கவின்' வீணாய்ப் போகிறதே என்று வருந்துகிறார். மாமை என்பது மாந்தளிர் போன்ற, கருமை கலந்த மேனி நிறம். அதைத் தின்பது பசலை, அதாவது வெளிறல். வெளுப்பது அங்கே நோய், இழப்பு. சிகிரியாக் குன்றில், 5ஆம் நூற்றாண்டில் தீட்டிய பெண்களில் பொன்னிறத்தவரும் உண்டு, கருநிறத்தவரும் உண்டு. பிறகு வந்து பார்த்தவர்கள் அங்குள்ள 'கண்ணாடிச் சுவர்' என்ற மெருகேற்றிய மதிலில் கிறுக்கிவிட்டுப் போன சிங்களப் பாட்டுகள், பொன்வண்ணத்தாள் என்றும் நீலோற்பல வண்ணத்தாள் என்றும் இருவரையுமே ஏங்கிப் பாடுகின்றன. நம் கோயில்களிலும் கருவறையில் கருங்கல் அம்மனைக் கும்பிட்டுவிட்டு, வீட்டுச் சுவரில் ரோசாப்பூ நிற அம்மனைத் தொங்கவிடுகிறோம். அச்சுப் படம் மலிவாக வீட்டுக்கு வீடு வந்து சேர்ந்த பிறகு நம் கண்ணுக்குப் பழகிய நிறம் அது. அம்மாவிடம் இதை வாதமாகச் சொல்லாமல், ஆறுதலாகக் கதைத்துப் பாருங்கள்.

அம்மன் படத்துக்குக் காசு வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அது தொழில். கேட்கும் நிறத்தில் கீறிக் கொடுங்கள். அந்தக் கலவைப் பழக்கம் மட்டும் இந்த 12 ஓவியங்களுக்குள் வரவிடாதீர்கள்.

கரி எங்கிருந்து வந்தது

முதலில் போனிலிருந்து வந்தது. நடுப்பகலில் வயலில் எடுத்த படங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பின்னால் வெளிச்ச வானம், முன்னால் தலைத்துண்டின் நிழலில் ஒரு முகம். போன் வானத்துக்கு ஏற்ப வெளிச்சத்தைக் குறைக்கும், முகம் ஒரே கறுப்புத் திட்டாகிவிடும். கிட்டப் போய் முகத்தை மட்டும் எடுத்தால் எதிர்ப்பிழை நடக்கும்: காட்சி முழுக்க இருட்டு என்று நினைத்து அது தோலை வெளுப்பாக்கும். அழகுபடுத்தும் வசதி தானாகவே போட்டிருந்தால் இன்னும் மோசம். இரண்டு விதமாகவும் உண்மையான நிறம் உங்களுக்குக் கிடைக்கவில்லை. தெரியாத இடத்தைக் கறுப்பு ரியூபால் நிரப்பியிருக்கிறீர்கள்.

கறுப்போடு வெள்ளை சேர்ந்தால் வருவது நீலச் சாயலுள்ள சாம்பல். பிரவுனோடு அது கலக்கும்போது தோல் சாம்பல் பூத்து, உயிரில்லாமல் போகும். அன்ரி 'கறுப்பு' என்று சொல்லாமல் 'கரிச்சட்டி' என்று சொன்னதைக் கவனியுங்கள். கரிச்சட்டியில் வெளிச்சம் படாது. அவருடைய முகத்தில் படும்.

காலையில் களை பிடுங்கும் ஒருவரின் முன்கையை நிழலில் வைத்துப் பாருங்கள். மேற்புறம் செம்பு கலந்த ஆழ்ந்த பிரவுன். வேர்வை இருக்கும் இடத்தில் வானத்தின் நீலம் சின்னக் கீற்றாக மினுங்கும். திருப்பினால் உட்புறம் மஞ்சள் கலந்து இரண்டு படி இளகியிருக்கும். காப்பு இருந்த இடத்தில் ஒரு வெளிறிய வளையம். உள்ளங்கையில் இளஞ்சிவப்பும், ரேகைக்குள் மண்ணும். ஒரு கையிலேயே ஐந்து நிறம். கறுத்த தோல் சுற்றியுள்ள நிறங்களை நன்றாக வாங்கிக் காட்டும், அதிலும் வேர்த்திருந்தால் இன்னும் தெளிவாக. நாடிக்குக் கீழே செம்மண்ணின் சிவப்பு ஏறும், கழுத்தில் சேலையின் நிறம் ஏறும், வயலுக்குள் நின்றால் தாடை ஓரத்தில் பச்சை ஏறும்.

கலவை

கறுப்பு ரியூபை இந்த 10 வாரமும் பெட்டியில் வைத்துவிடுங்கள். பர்ன்ற் சியன்னா, பர்ன்ற் அம்பர், யெலோ ஓக்கர், அல்ட்ராமரின் நீலம், அலிசரின் கிரிம்சன், ரைற்றேனியம் வெள்ளை என்ற ஆறு போதும்.

நடுத்தொனிக்கு, அதாவது வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் இடைப்பட்ட நிறத்துக்கு, பர்ன்ற் சியன்னா 2 பங்கு, பர்ன்ற் அம்பர் 1, ஓக்கர் 1. நிழலுக்கு அம்பர் 2, அல்ட்ராமரின் 1, கிரிம்சன் தொட்டுக்கொள்ளும் அளவு. மிக ஆழமான இடத்தில், மூக்குத் துவாரம், தலைமுடி வேர் போன்றவற்றில், அம்பரும் அல்ட்ராமரினும் சரிபாதி. கறுப்பு மாதிரியே தெரியும், ஆனால் உள்ளே சூடும் குளிரும் இருக்கும். வெளிச்சப் பக்கத்துக்கு நடுத்தொனியோடு ஓக்கரைக் கூட்டுங்கள், வெள்ளையைக் கடலையளவுக்கு மேல் சேர்க்காதீர்கள். வெள்ளை கூடினால் சுண்ணாம்பு அடித்தது போலாகும், புதியவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இதுதான். நெற்றி, கன்ன எலும்பு, மூக்குத் தண்டு ஆகியவற்றில் விழும் மினுக்கம் மட்டும் வெள்ளையும் துளி நீலமும், சின்னதாக, ஓரம் கூராக. பின்னேர வெயிலென்றால் நீலத்துக்குப் பதில் ஓக்கர். கண்ணின் வெண்படலத்துக்குத் தனி வெள்ளை வைக்க வேண்டாம். சாம்பல் கலந்தே வையுங்கள், இல்லாவிட்டால் முகத்திலிருந்து கண் துருத்திக்கொண்டு நிற்கும்.

இவை தொடக்க அளவுகள்தான். மாணவர் தரப் பெயின்றில் நிறப்பொருள் குறைவு, அதனால் பங்கு மாறும். கத்தி நுனியில் கலவையை எடுத்து, நிழலில் அன்ரியின் கைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பதுதான் கடைசித் தீர்ப்பு.

இன்னும் மூன்று விடயங்கள் உங்களுக்குக் கட்டாயம் உதவும். வெள்ளைக் கன்வசில் நேரே தொடங்கினால் எந்தப் பிரவுனும் கண்ணுக்கு அளவுக்கு மிஞ்சிக் கறுப்பாகத் தெரியும். பயந்து வெளுப்பாக்குவீர்கள். முதலில் ஓக்கரும் சியன்னாவும் தண்ணியாகக் கலந்து முழுக்க ஒரு பூச்சு பூசிக் காயவிடுங்கள். அடுத்தது, அக்ரிலிக் காயும்போது ஒரு படி கறுக்கும், ஏனென்றால் ஈரத்தில் பால்போல் இருக்கும் பசை காய்ந்ததும் தெளிந்துவிடும். ஆகவே துண்டு மட்டையில் பூசி, 10 நிமிடம் காயவிட்டுப் பார்த்த பிறகே முகத்தில் வையுங்கள். கடைசியாக, வெளிர் பின்னணி முகத்தை வெறும் நிழலுருவாக்கும். முகத்துக்குக் கிட்டிய பகுதியை நடுத்தொனிக்கு இறக்குங்கள்.

முடிந்த ஓவியங்களைத் தூக்கியெறியத் தேவையில்லை. வார்னிஷ் அடிக்காதவை என்றால் திருத்தலாம். தடித்த இடத்தை 400 இலக்க உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்துத் துடையுங்கள். சியன்னா 1 பங்குக்கு கிளேசிங் மீடியம் (நிறத்தைக் கண்ணாடிபோல் மெலிதாக்கும் பசை) 6 பங்கு கலந்து மெல்லிய பூச்சு. காய்ந்ததும் இன்னொன்று. மூன்றாவது பூச்சில் சாம்பல் போய்த் தோல் சூடேறும். அதன்மேல் வெளிச்சப் பக்கத்தைத் திரும்பக் கட்டுங்கள். வன்னி வெக்கையில் தட்டிலேயே பெயின்ற் இறுகிவிடும், ஈரத்துணியின் மேல் எண்ணெய்த்தாள் விரித்து அதில் கலவுங்கள்.

கறுப்பு ரியூபே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துவிடக்கூடாது. அமெரிக்க ஓவியர் கெரி ஜேம்ஸ் மார்ஷல், 1955இல் பிறந்தவர், தன் மனிதர்களைக் கறுப்பிலேயே தீட்டுகிறார். ஐவரி, கார்பன், மார்ஸ் என்று மூன்று கறுப்புகளை எடுத்து, ஒன்றில் கோபால்ற் நீலம், ஒன்றில் பச்சை, ஒன்றில் ஊதா என்று சாயலேற்றி, கறுப்புக்குள்ளேயே முகத்தின் மேடுபள்ளங்களைக் காட்டுகிறார். கறுப்பு என்ற சொல்லைக் குறைக்காமல் அதையே நிரப்பிக் காட்டுவது அவருடைய தீர்மானம். உங்கள் கறுப்பு போன் படத்தால் வந்தது. தீர்மானமாக வரும் நாளில் அந்த ரியூபைத் திறக்கலாம்.

கேட்காமல் எடுத்த படங்கள்

'நானும் இந்த ஊர்ப் பெட்டைதானே, என்னிடம் என்ன கோபிக்கப் போகிறார்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த இடத்தில் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரே ஊர் என்பது அனுமதி ஆகாது. வெளியாள் படம் எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பெண், உங்களுக்கு முன்னால் திருப்ப மாட்டார். உங்களை நம்புகிறார். அதனால் உங்களுக்குப் பொறுப்பு கூடுகிறது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் வீதியோரம் போராட்டத்தில் இருந்தார்கள். அந்தத் தாய்மாரை எத்தனையோ கமராக்கள் எடுத்துக்கொண்டு போயின. படம் எங்கே போனது, யார் பார்த்தார்கள் என்று திரும்பி வந்து சொன்னவர்கள் எத்தனை பேர்? வன்னிப் பெண்ணுக்கு ஒரு படத்தால் வரக்கூடிய இடைஞ்சல் உங்களுக்குத் தெரியாததல்ல: வெளிநாட்டிலிருக்கும் உறவினரின் கோபம், ஊர்க்கதை, பழைய விடயங்களை விசாரித்து யாரும் வருவார்களோ என்ற பயம்.

ஆகவே 12 பேரிடமும் போங்கள். முடிந்த ஓவியத்தையோ அதன் படத்தையோ காட்டுங்கள். எங்கே மாட்டப்படும், விற்கப்படுமா, முகநூலில் வருமா, பெயர் போடவா என்ற நான்கையும் தனித்தனியாகக் கேளுங்கள். கண்காட்சிக்குச் சம்மதித்தவர் முகநூலுக்குச் சம்மதிக்காமல் இருக்கலாம். ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி, வாசித்துக் காட்டி, இரண்டு பிரதியில் கையெழுத்து வாங்கி, ஒன்றை அவரிடம் கொடுங்கள். இன்ன திகதிவரை மனம் மாறலாம் என்றும் அதில் எழுதுங்கள். இனி உங்கள் ஓவியத்துக்காக முன்னால் இருக்கப் போகிறவர்களுக்கு, ஒரு நாள் மறித்தால் ஒரு நாள் கூலி கொடுக்க வேண்டும். ஒரு மணித்தியாலம் என்றால் அதற்கேற்ற பங்கு. கொழும்பில் அந்த ஓவியம் விற்கும் விலையை நினைத்துப் பாருங்கள், கூலி பெரிய தொகையாகத் தெரியாது.

பெயர் விடயத்தில் ஒன்று. 1800இல் பாரிசில் மரி-கியெமின் பெனுவா என்ற பெண் ஓவியர் ஒரு கறுப்பினப் பெண்ணை மிகுந்த கண்ணியத்தோடு தீட்டினார். தலைப்பில் இருந்தது இனப்பெயர் மட்டும். அந்தப் பெண்ணின் பெயர் மடலேன். 2019இல் பாரிசின் ஓர்சே அருங்காட்சியகம் நடத்திய கண்காட்சியில்தான் அந்தப் பெயர் தலைப்பில் ஏறியது. ஓவியரின் நோக்கம் அடிமைமுறைக்கு எதிரானதா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். தலைப்பில் பெயர் இல்லை என்பதில் மட்டும் வாதமில்லை. 'விதவை', 'பாதிக்கப்பட்டவள்', 'வன்னிப் பெண் 4' என்றெல்லாம் நீங்கள் தலைப்பு வைக்க வேண்டாம். விரும்பினால் அவருடைய பெயர், விரும்பாவிட்டால் அவர் செய்யும் வேலை.

அந்த ஒரு பக்கம்

'நிறமுள்ள பெண்கள்' என்பது 'women of color' என்ற ஆங்கிலச் சொல்லின் நேர் மொழிபெயர்ப்பு. 1977இல் அமெரிக்காவின் ஹூஸ்ரனில் நடந்த தேசியப் பெண்கள் மாநாட்டில், கறுப்பினப் பெண்களோடு வெள்ளையரல்லாத மற்றப் பெண்களும் ஒரே அணியாக நிற்க எடுத்துக்கொண்ட அரசியல் பெயர் அது. அங்கே அதற்குப் பெறுமதி உண்டு. ஆனால் தமிழில் 'நல்ல நிறம்' என்றால் என்ன அர்த்தம்? சிவலை. உங்கள் பக்கத்தை ஊரில் ஒருவர் வாசித்தால் நீங்கள் வெள்ளைப் பெட்டைகளைக் கீறுவதாக விளங்கிக்கொள்வார். மேலும் வன்னியில் கறுத்தவரை ஒதுக்குவது வெள்ளைக்காரர் அல்ல, நாங்களே. அந்தச் சொல் இந்த உண்மையை மூடிவிடும். ஆங்கில வடிவில் ஏற்பாட்டாளர்கள் போட விரும்பினால் போடட்டும். தமிழில் 'கறுத்த பெண்கள்' என்றே எழுதுங்கள்.

'போரால் பாதிக்கப்பட்ட' என்பதைப் பற்றி: 12 பேரில் யாராவது தன்னை அப்படிச் சொல்லச் சொன்னாரா? கேட்காமல் எழுத வேண்டாம். மறுப்பது உங்கள் உரிமை, மரியாதையாக இரண்டு வரியில் மறுக்கலாம்.

150 முதல் 200 சொல் போதும். உங்கள் கடிதத்திலிருந்தே எடுத்து இப்படித் தொடங்கலாம்:

'என் ஊரில் வெயிலில் வேலை செய்யும் பெண்களைக் கீறுகிறேன். பள்ளிக்கூடத்தில் என்னைக் கறுப்பி என்று கூப்பிட்டார்கள். அந்தச் சொல்லுக்குள் எத்தனை நிறம் இருக்கிறது என்று பார்க்கத் தொடங்கியதில் வந்த ஓவியங்கள் இவை. தோலின் நிறத்தைக் கறுப்பு ரியூப் இல்லாமல் திரும்பக் கட்டியிருக்கிறேன். இதில் இருப்பவர்கள் எல்லோரும் தங்கள் ஓவியத்தைப் பார்த்துச் சம்மதித்தவர்கள்.'

கடைசி இரண்டு வரியும் உண்மையாகும்வரை அவற்றை எழுதக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காசு விடயம் சுருக்கமாக. ஏற்பாட்டாளர் எடுக்கும் பங்கு எத்தனை வீதம், போக்குவரத்தில் சேதமானால் யார் பொறுப்பு, விற்ற காசு எத்தனை நாளில் வரும் என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஓவியத்தின் பதிப்புரிமை பதிவு எதுவும் இல்லாமலே உங்களுக்கு உண்டு. அது உங்கள் ஆயுட்காலமும் அதன்பின் 70 வருடமும் நிற்கும். ஓவியத்தை வாங்கியவர் அதை அட்டைப்படமாக அச்சடிக்க வேண்டுமென்றால் உங்களிடம் தனியாக எழுதி வாங்க வேண்டும். யாராவது சொல்லிச் செய்விக்கும் வேலைகளில் இந்த உரிமை மற்றவர் பக்கம் போய்விடலாம். கோயில் படத்துக்கும் ஒரு சின்ன ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள்.

இனி 10 வாரத்தைப் பிரிப்போம். முதல் கிழமை அன்ரியிடம் போங்கள். வெளுப்பாக்கித் தருகிறேன் என்று சொல்ல வேண்டாம். "நிறம் பிழைச்சுப் போச்சு அன்ரி, நேரில பார்த்துத் திருத்த வேணும்" என்று சொல்லுங்கள், அது உண்மையும்கூட. காலை 7 மணியிலிருந்து எட்டரைக்குள், மாமரத்தடியில், 40 நிமிடப்படி மூன்று நாள் இருக்கக் கேளுங்கள். கலக்கும் தட்டை அவர் பார்க்கும்படி வையுங்கள். அவருடைய கைக்குப் பக்கத்தில் கத்தியைப் பிடித்துப் பார்க்கும்போது, நீங்கள் எத்தனை நிறம் தேடுகிறீர்கள் என்று அவரே காண்பார். அடுத்த ஐந்து கிழமையில் மற்றவர்களிடம் போவதும் ஓவியங்களைத் திருத்துவதும் சேர்ந்தே நடக்கட்டும். ஏழாம் கிழமை அந்த ஒரு பக்கத்தை எழுதுங்கள். எட்டாம் கிழமை வார்னிஷ், மழை இருட்டில்லாத நாளாகப் பார்த்து, பளபளப்பான வகை. காய்ந்த பிரவுன்களின் ஆழம் அதில்தான் திரும்ப எழும்பும். மிச்சம் பொதி கட்டவும் அனுப்பவும்.

திருத்திய பிறகும் அன்ரி வேண்டாம் என்றால், அவருடைய ஓவியம் கொழும்புக்குப் போகக்கூடாது. 11 போதும்.